இம்தியாஸ் கேட்டான்: லைன் க்ளீனா?

போன செவ்வாய்க்கிழமை என்னுடைய பழைய மெயில் பெட்டியைத் திறந்தேன். நாலு வருஷமாகத் தொடாத பெட்டி. பாஸ்வேர்டு ஞாபகம் இருந்ததே பெரிய விஷயம்!

உள்ளே ஆயிரத்துச் சொச்சம் கடிதங்கள். எனக்கு லாட்டரி விழுந்திருப்பதாகச் சொன்னவர்கள் பாதி. முடி வளர மருந்து விற்பவர்கள் மீதி. நடுவே ஒன்று மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டது.

‘வெட் ப்ளூ! உங்களைப் பார்த்து ரொம்ப நாளாகிறது. எங்கள் மேஜையில் உங்கள் நாற்காலி காலியாகவே இருக்கிறது. வாருங்கள், போனஸ் தருகிறோம்...’

சொந்தக்காரர்கள்கூட என்னை இவ்வளவு உருகி அழைத்ததில்லை. அனுப்பியது ஒரு போக்கர் வெப்சைட்.

வெட் ப்ளூ யார்? நான்தான். சரியாகச் சொன்னால், அக்கவுண்ட் மட்டும் என்னுடையது. ஆடியவன் இம்தியாஸ்.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பேரை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன் — தோலை குரோமில் போட்டுப் பதப்படுத்தி எடுத்தால் ஈரமாக, வெளிர் நீலமாக வெளியே வரும். அதுதான் வெட் ப்ளூ. வேலூர் தொடங்கி ஆம்பூர், வாணியம்பாடி வரைக்கும் டீக்கடையில்கூடப் புழங்குகிற வார்த்தை. இம்தியாஸின் அத்தாவுக்கு மேல்விஷாரத்தில் தோல் மண்டி. அதனால் பேர் வைக்கும்போது அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

ஆனால் உலகம் குழம்பியது. மேஜையில் உட்கார்ந்ததும் எங்கேயோ இருக்கிற ஒருத்தன் சாட் பெட்டியில் கேட்பான். ‘ஏன் ஈரம்? ஏன் நீலம்? ஏதாவது சோகமா நண்பா?’

இம்தியாஸ் ஒற்றை விரலால் டைப் அடிப்பான். ‘ஆமாம். போன மாதம் வரை நான் ஆடாக இருந்தேன்.’

அதற்கப்புறம் அந்த ஆள் பத்து நிமிஷம் வாயைத் திறக்க மாட்டான்.

இவ்வளவு நாளாக இந்தப் பக்கத்தில் என்னென்னவோ எழுதியிருக்கிறேன். இம்தியாஸைப் பற்றி மட்டும் ஒரு வரி எழுதியதில்லை. காரணம் இருக்கிறது. சொல்கிறேன்.

ரெண்டாயிரத்து நாலு. இருவரும் டிகிரி முடித்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்தோம். காத்திருக்க எங்களுக்குத் தெரிந்த ஒரே இடம் மோகன் அண்ணன் நடத்திய பிரவுசிங் சென்டர்.

வேலூர் லாங் பஜாரிலிருந்து பிரிகிற ஒரு சந்து. கீழே பாத்திரக் கடை, மாடியில் சென்டர். பிளைவுட் தடுத்த எட்டு கேபின். ஒவ்வொன்றுக்கும் பூப்போட்ட திரை. கீபோர்டில் A, S, E மூன்றும் தேய்ந்து போயிருக்கும். ஹெட்போனில் ஒரு காதுதான் கேட்கும். கீழே அண்டாவைத் தட்டிப் பார்க்கிறவர்களின் சத்தம், மேலே மானிட்டர்களின் சூடு, இரண்டுக்கும் நடுவில் நாங்கள். ஒரு மணி நேரத்துக்கு இருபது ரூபாய். மோகன் அண்ணன் ஒரு துண்டுச்சீட்டில் நேரம் எழுதிக் கொடுப்பார். பேனா கிடைக்காவிட்டால் எழுத மாட்டார். பேனா கிடைக்காத நாட்களில் நாங்கள் ராஜாக்கள்!

இன்றைக்கு வீட்டிலேயே பிராட்பேண்ட் வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? அந்தத் திரையை விலக்கி உள்ளே போகிற கிளுகிளுப்பு வருமா? மெயில் ஒன்று திறக்க ஒரு நிமிஷம் ஆகும். அந்த ஒரு நிமிஷமும் நெஞ்சு அடித்துக்கொள்ளும். திறந்து பார்த்தால் பக்கத்து கேபினிலிருந்து இம்தியாஸ் அனுப்பிய ஜோக்!

போக்கரைக் கண்டுபிடித்தது நான்தான். எதையாவது புதிதாகப் பார்த்தால் அன்றைக்கே அதில் குதிக்க வேண்டும் எனக்கு. ‘இலவசமாக விளையாடுங்கள்’ என்று ஒரு விளம்பரம் கண்ணடித்தது. குதித்தேன்.

மூணு சீட்டு தெரியுமில்லையா? போக்கர் அதற்கு இங்கிலீஷ் மீடியத்தில் படித்த அண்ணன். கையில் ரெண்டு சீட்டு, உங்களுக்கு மட்டும் தெரியும். மேஜையில் அஞ்சு சீட்டு, எல்லோருக்கும் பொது. ரெண்டையும் சேர்த்துப் பார்த்து, நல்ல சேர்க்கை வைத்திருப்பவன் ஜெயிப்பான். இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? கையில் ஒன்றுமே இல்லாதவனும் ஜெயிக்கலாம். இருக்கிற மாதிரி தைரியமாகப் பந்தயத்தை ஏற்றினால் மற்றவர்கள் பயந்து சீட்டைப் போட்டுவிடுவார்கள். பாதி சீட்டு, பாதி பொய்.

எனக்குப் பொய் வரவில்லை. பத்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் தோற்றேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த இம்தியாஸ் என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தான்.

“தள்ளு. இது எங்க மண்டி வேலைடா.”

அவன் சொன்னது விளையாட்டுக்கு இல்லை. தோல் மண்டியில் விலை பேசுவது எப்படி என்று பார்த்திருக்கிறீர்களா? வாயால் பேச மாட்டார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் கையை ஒரு துண்டுக்குள் விடுவார்கள். உள்ளே விரலைப் பிடித்து அழுத்தித்தான் விலை சொல்வது. சுற்றி பத்து வியாபாரி நின்றாலும் ஒருத்தருக்கும் தெரியாது. முகத்தில் ஒரு சுருக்கம் இருக்காது. துண்டுக்குள் மட்டும் சண்டை நடக்கும்.

இம்தியாஸ் பள்ளிக்கூட லீவுகளிலெல்லாம் அங்கே உட்கார்ந்து வளர்ந்தவன். அவனுக்கென்று ஒரு சித்தாந்தம் இருந்தது.

“விரல் பொய் சொல்லும்டா ஜெபா. ஆனா விரல் வர்ற நேரம் பொய் சொல்லாது. நெஜமாவே கட்டாத விலைன்னா டக்குனு கையை இழுப்பான். கட்டும், சும்மா முறுக்குறான்னா ரெண்டு நிமிஷம் யோசிச்ச மாதிரி வெச்சிட்டு இழுப்பான். அந்த ரெண்டு நிமிஷத்துலதான் எங்க அத்தா வீடு கட்டுனாரு.”

வெப்சைட்டில் துண்டு ஏது, விரல் ஏது? ஆனால் நேரம் இருந்ததே! ஒருவனுடைய முறை வந்தால் அவன் பேருக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு தேய ஆரம்பிக்கும். கோடு எவ்வளவு தேய்ந்தபின் அவன் பட்டனைத் தட்டுகிறான்? இம்தியாஸ் ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டான். யார், எத்தனை செகண்ட், கடைசியில் என்ன சீட்டு காட்டினான். நல்ல சீட்டுக்கு ரெண்டு செகண்ட் எடுப்பவன் பொய்க்கு ஒன்பது எடுப்பான். சில பேர் உல்டா. ஒரு வாரத்தில் அவன் ஜெயிக்க ஆரம்பித்துவிட்டான்.

இதில் ஒரு சிக்கல். எட்டு கேபினுக்கும் ஒரே லைன். யாராவது ஒருத்தர் பாட்டு கீட்டு டவுன்லோட் போட்டால் எல்லா ஸ்கிரீனும் திணறும். அடுத்தவன் ரெண்டு செகண்டில் தட்டினது இங்கே பத்து செகண்ட் கழித்து வந்து சேரும். நோட்டுக் கணக்கு நாசம். அதனால் எனக்கு ஒரு உத்தியோகம் கிடைத்தது — லைன் காவல். அவன் ஆடும்போது மற்ற கேபின்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். யாரும் பெரிதாக எதையும் இறக்கக்கூடாது. முக்கியமான ஆட்டம் வந்தால் அவன் திரைக்குப் பின்னாலிருந்து குரல் கொடுப்பான்.

“லைன் க்ளீனா?”

“க்ளீன்.”

அவ்வளவுதான் எங்கள் தொழில் ரகசியம்.

காசு வைத்து ஆடினோமா? இல்லை. இம்தியாஸ் அதில் கறார். சூது கூடாது என்பது அவன் வீட்டில் பேச்சுக்கே இடமில்லாத விஷயம். ஆனால் வெப்சைட்டில் ‘ஃப்ரீ ரோல்’ என்று ஒன்று இருந்தது. நுழைவுக் கட்டணம் கிடையாது. ஆயிரக்கணக்கில் பேர் ஆடுவார்கள். ஜெயித்துக்கொண்டே போனால் கடைசிச் சுற்று. அதில் முதல் மூன்று பேருக்குப் பரிசுப் பணம்.

“நான் ஒரு பைசா வைக்கல. அப்புறம் எப்படி சூது?” என்பான்.

“பள்ளிவாசல் ஹஜ்ரத்துகிட்ட கேட்டியா?”

“கேட்டா வேணாம்னுடுவாரு. அதான் கேக்கல.”

மோகன் அண்ணனுக்கு வேறு பயம்.

“இன்னாப்பா, ஸ்கிரீன்ல சீட்டாட்டம் ஓடுது? ஸ்டேஷன்லேர்ந்து வந்து பார்த்தா உங்களையா புடிப்பான்? கடைக்காரன் நான்தான் உள்ள போவணும்.”

நான் உடனே சட்டம் கேட்கப் புறப்பட்டுவிட்டேன். எங்கள் தெருவில் ஒரு வக்கீல் அங்கிள் இருந்தார். சர்ச்சில் கொயரில் அம்மாவுக்குப் பின் வரிசை. முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

“தம்பி, இங்க இருக்கிற சட்டம் வெள்ளைக்காரன் காலத்துது. அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் சூதாட்ட வீடு. நாலு சுவர், ஒரு பாய், ஒரு சீட்டுக்கட்டு. உங்க வீடு எது? கம்ப்யூட்டர் இங்க, சர்வர் ஏதோ ஒரு தீவுல. ரம்மியைத் திறமைன்னு கோர்ட்ல ஒத்துக்கிட்டிருக்காங்க. இந்த போக்கரை என்னன்னு யாரும் தெளிவா சொல்லல.”

“அப்ப லீகல்தானே அங்கிள்?”

“யாரும் தெளிவா சொல்லலன்னுதான் சொன்னேன். லீகல்னு சொன்னேனா? சொந்தக் காசை டாலரா மாத்தி பந்தயத்துக்கு அனுப்பினா அந்நியச் செலாவணி சட்டம்னு வேற ஒண்ணு இருக்கு, அது வந்து நிக்கும். அதெல்லாம் வுடு. நீ ஜெயிச்சு அவன் பணம் தரலன்னு வெச்சுக்கோ, எந்தக் கோர்ட்டுக்குப் போவ? பந்தயப் பணத்துக்காக கேஸ் போட்டா ஜட்ஜ் என்னைத்தான் மொதல்ல வெளிய அனுப்புவாரு.”

இதை மோகன் அண்ணனிடம் வந்து சொன்னேன். நான் சொன்ன விதத்தில் அது ‘லீகல்’ என்று ஆகிவிட்டது. எனக்கு வேண்டிய பாதியை மட்டும் காதில் வாங்குகிற வயசு.

அந்தச் சமயத்தில்தான் இம்தியாஸுக்குச் சென்னையில் எம்சிஏ சீட் கிடைத்தது.

அவன் அத்தாவிடம் பணம் இல்லாமல் இல்லை, மனசுதான் இல்லை. “டிகிரி போதும். மண்டிக்கு ஆள் வேணும். படிச்சே ஆவணும்னா நீயே கட்டிக்க. நான் தடுக்க மாட்டேன்,” என்று சொல்லிவிட்டார். ஒரு பேச்சுக்குச் சொன்னது. பையன் எங்கிருந்து கட்டப் போகிறான் என்ற தைரியம்.

அதே வாரம் வெட் ப்ளூ கடைசிச் சுற்றுக்குத் தேறியது.

மூன்றாம் பரிசே போதும். முதல் வருஷ ஃபீஸ் முழுசாகக் கட்டிவிடலாம். ஒரு வருஷம் கட்டிவிட்டால் அத்தா அடுத்த வருஷத்துக்கு இறங்கி வந்துவிடுவார் என்று இம்தியாஸ் கணக்கு. ஃபீஸ் கட்டக் கடைசி நாள் பதினெட்டு. கட்டாவிட்டால் பத்தொன்பதாம் தேதியிலிருந்து மண்டி. உப்புப் போட்ட தோல்களுக்கு நடுவில் ஆயுள் முழுக்க.

கடைசிச் சுற்று அமெரிக்காவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். அதாவது நமக்குத் திங்கட்கிழமை விடிகாலை. மோகன் அண்ணன் எங்களுக்காக அஞ்சரை மணிக்கே ஷட்டரைத் தூக்கினார். இம்தியாஸ் ஃபஜ்ர் தொழுதுவிட்டு, முதல் பஸ் பிடித்து, தலையில் தொப்பியோடு வந்து சேர்ந்தான். கேபினுக்குள் நுழையும்போது அதைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான்.

அவன் முதல் கேபின். நான் ரெண்டாவது.

ஏழு மணிக்குப் பாதிப் பேர் போய்விட்டார்கள். எட்டு மணிக்கு ஒன்பது பேர் மிச்சம். எட்டே முக்காலுக்கு நாலு பேர்! ஒருத்தன் போனால் போதும். அந்த ஒருத்தன் யார் என்பதும் தெரிந்துவிட்டது — மேஜையின் ஓரத்தில் ஒருத்தனிடம் ரெண்டு ஆட்டத்துக்குத்தான் காயின் இருந்தது. இம்தியாஸ் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்தாலே எம்சிஏ.

நான் என் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டுதான் இருந்தேன். எட்டு மணி வாக்கில் ஒரு பெரியவர் வந்தார். மஸ்கட்டில் இருக்கிற மகனுக்குப் பேத்தியின் போட்டோக்களை அனுப்ப வேண்டும். “லைன்ல பிராப்ளம் சார், அரை மணி நேரம் கழிச்சு அனுப்பலாம்” என்று நான்தான் உட்கார வைத்தேன். பாவம், மடியில் கவரை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் என்ன செய்தேன்?

மூணு மணி நேரம் சும்மா உட்கார எனக்கு வருமா? கை பரபரவென்றது. ஒரு பெரிய ஹீரோ படத்தின் டிரெய்லர் அன்றைக்குத்தான் நெட்டில் வந்திருந்தது. ஊரில் ஒருத்தனும் பார்த்திருக்க மாட்டான். ஓரமாக ஓடட்டும், சின்ன ஃபைல்தானே... கிளிக் செய்தேன். ஜன்னலைச் சுருக்கிக் கீழே தள்ளினேன். ஆட்டத்தின் விறுவிறுப்பில் அதை மறந்தே போனேன்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் இம்தியாஸின் மூச்சு கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவன் கையில் ஒரு ராஜா, ஒரு ஒன்பது. மேஜையிலும் ஒரு ராஜா, ஒரு ஒன்பது. ரெண்டு ஜோடி! அருமையான சீட்டு. ஆனால் மேஜையில் மூணு டைமன் கிடந்தது. எதிராளி கையில் இன்னும் ரெண்டு டைமன் இருந்தால் அஞ்சும் ஒரே ஜாதியாகிவிடும். ரெண்டு ஜோடி செல்லாது.

எதிராளி ஒரு கனடாக்காரன். மூணு மணி நேரமாக நோட்டில் ஏறிக்கொண்டிருந்தவன். நல்ல சீட்டுக்கு ரெண்டு செகண்ட். பொய்க்குப் பத்துக்குக் குறையாது. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அவன் முறை. பச்சைக் கோடு தேய ஆரம்பித்தது. ரெண்டு. அஞ்சு. எட்டு. பதினொன்று. டப்பென்று விழுந்தது — இருந்த மொத்தக் காயினையும் வைத்துவிட்டான். இம்தியாஸிடம் இருந்ததைவிட அது ஜாஸ்தி, ஒத்துப் போய்த் தோற்றால் ஆட்டத்தை விட்டே வெளியே.

“பதினொரு செகண்ட்,” என்றான் இம்தியாஸ். “பொய் சொல்றான்டா.”

நோட்டைப் பார்த்தான். ஸ்கிரீனைப் பார்த்தான். அப்புறம் என் பக்கம் திரும்பினான்.

“ஜெபா... லைன் க்ளீனா?”

என் ஸ்கிரீனின் அடியில் அந்தச் சுருக்கிய ஜன்னல். அறுபத்தியோரு சதவீதம். அப்போதுதான் ஞாபகம் வந்தது. வந்த அதே நிமிஷம் தெரிந்தது, அந்தப் பதினொரு செகண்டில் கனடாக்காரனுடையது எத்தனை, என்னுடையது எத்தனை என்று எனக்கே தெரியாது.

ஒரு வார்த்தை போதும். ‘இல்லடா.’ என்ன பெரிய கஷ்டம்? ரெண்டு திட்டு திட்டியிருப்பான். சீட்டைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பான்.

“க்ளீன்,” என்றேன்.

ஏன் சொன்னேன்? அஞ்சு வருஷமாக யோசிக்கிறேன். கெட்ட எண்ணம் இல்லை. மாட்டிக்கொள்ளக்கூடாது என்ற எண்ணம். வாய் தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான்.

இம்தியாஸ் பட்டனைத் தட்டினான். கனடாக்காரன் சீட்டு திரும்பியது. ரெண்டும் டைமன்.

நாலாவது இடம். ‘நன்றாக ஆடினீர்கள் வெட் ப்ளூ’ என்று ஒரு வரி. பரிசு இல்லை.

இம்தியாஸ் நோட்டை மூடினான். “என் கணக்குதான்டா தப்பு,” என்றான். கீழே இறங்கிப் பஸ் ஏறினான். அடுத்த வாரம் மண்டியில் உட்கார்ந்தான்.

என் டிரெய்லர்? எழுபது சதவீதத்தில் கரண்ட் போய்விட்டது. பெரியவரின் போட்டோவும் போகவில்லை.

இத்தோடு விட்டிருந்தால் நான் புத்திசாலி. விட்டேனா? ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எக்ஸ்போர்ட் செக்‌ஷனில் வேலை கிடைத்தது. பேங்க்காரர்கள் ஆபீஸுக்கே வந்து கிரெடிட் கார்டை நீட்டிவிட்டுப் போன காலம். ‘இம்தியாஸ் ஃபீஸை ஜெயித்துக் கொடுத்துவிடுகிறேன்’ என்று எனக்கு நானே ஒரு நல்ல காரணம் தயாரித்துக்கொண்டேன். நல்ல காரணத்தோடு ஆடுகிறவன் மற்றவர்களைவிட ஜாஸ்தி தோற்பான். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

ஸ்கிரீனில் பணம் பணமாகவே தெரியாது. பர்ஸிலிருந்து நூறு ரூபாய் எடுத்தால் விரலுக்கு வலிக்கும். ஸ்கிரீனில் வெறும் எண் மாறும், யாருக்கு வலிக்கும்? மேஜையில் உட்கார்ந்திருக்கிற அஞ்சு பேர் அஞ்சு பேர்தானா, போனில் பேசிக்கொண்டு ஆடுகிற ரெண்டு பேரா, இல்லை ஒரு ப்ரோகிராமா? தெரியாது. அந்த வெப்சைட்டே ஒரு நாள் காணாமல் போனால் யாரைக் கேட்பது? வக்கீல் அங்கிள் சொன்ன மீதிப் பாதி அப்போதுதான் காதில் விழுந்தது. மூன்று மாதச் சம்பளம் போனபிறகு.

கார்டை வெட்டிப் போட்டேன். அம்மாவுக்கு இன்று வரை தெரியாது. இந்தப் பத்தியைப் படித்தால் தெரிந்துவிடும். ஸாரி மம்மி.

‘சார், நெட்டில் போக்கர் லீகலா?’ என்று இப்போதும் சில தம்பிகள் மெயில் அனுப்புகிறார்கள். அங்கிள் சொன்னது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது — தெளிவாக யாரும் சொல்லவில்லை. தெளிவில்லாத இடத்தில் காசு வைக்காதீர்கள். முக்கியமாக, உங்களுக்குப் பின்னால் என்னை மாதிரி ஒரு தோஸ்த்தை உட்கார வைக்காதீர்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த மெயிலைப் பார்த்ததிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு நேரே மேல்விஷாரம் போனேன்.

மண்டியில் இம்தியாஸ் லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு தோல் கட்டுகளைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் தொப்பை, கொஞ்சம் தாடி. என்னைப் பார்த்ததும் ஒரே கூச்சல்.

“டேய்! எழுத்தாளர் வந்துட்டாருடோய்! இன்னா, எங்களைப் பத்தியும் ஏதாவது எழுதப் போறியா?”

“ஆமா. அதுக்கு முன்னாடி உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

எதிர் டீக்கடைக்கு இழுத்துப் போனேன். டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். சுருக்கிய ஜன்னல், அறுபத்தியோரு சதவீதம், க்ளீன் — எல்லாவற்றையும். நடுவில் மூச்சுவிடவில்லை. விட்டால் தைரியம் போய்விடும்.

அவன் டீ கிளாஸைக் கையில் வாங்கினான். குடிக்கவில்லை.

“நீ க்ளீன்னு சொன்ன.”

“ஆமாடா.”

“நான் கேட்டேன். நீ க்ளீன்னு சொன்ன.”

“ஆமா.”

தெருவில் தோல் ஏற்றிய லாரி ஒன்று ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. அதற்கு வழிவிட்டு அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

“எம்சிஏ போனதுகூடப் பரவால்லடா,” என்றான். “எனக்கு நேரம் பார்க்கத் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன் பாரு, அது அன்னிக்குப் போச்சு. இங்க வந்தப்புறம் துண்டுக்குள்ள கை வுட்டாலே பயம். இவன் பொய் சொல்றான்னு தோணும். நெறைய தபா அது கரெக்டா இருக்கும். ஆனா அன்னிக்கு மாதிரி தப்பாயிடுச்சுன்னா? வாணாம்னு கையை இழுத்துக்குவேன். இல்லன்னா அத்தாவைக் கூப்பிடுவேன். அஞ்சு வருஷமா அத்தாதான்டா எனக்குக் கை.”

“உன் கணக்கு தப்பே இல்லடா,” என்றேன். “அந்த நோட்டுல ஒரு வரிகூடத் தப்பில்ல. நான்தான் தப்பு.”

“தெரியுதுல்ல... இப்ப தெரியுது.”

டீயை ஒரே மடக்கில் குடித்தான். சூடு தாங்காமல் முகத்தைச் சுளித்தான். கோபமா, சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை. நேரத்தை வைத்து ஆளைப் படிக்கிற வித்தை எனக்கு வராது.

“மெட்ராஸ் பார்ட்டி ஒருத்தன் உக்காந்திருக்கான் உள்ள,” என்று எழுந்தான். “அத்தா ஊர்ல இல்ல, நாளைக்கு வான்னு சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன்.”

“இப்ப?”

“இப்ப நானே பேசறேன்.” துண்டை உதறித் தோளில் போட்டான். ரெண்டு அடி போனவன் திரும்பி வந்தான். “டேய்... அன்னிக்கு இன்னா இறக்கின?”

“ஒரு படத்தோட டிரெய்லர்.”

“படம் ஓடுச்சா?”

“ஒரு வாரம்.”

“ஒரே ஒரு வாரம் ஓடுன படத்துக்காடா என் எம்சிஏவைக் குடுத்த!”

டீக்கடையில் அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டு உள்ளே போனான். வெள்ளிவிழாப் படமாக இருந்திருந்தால் மன்னித்திருப்பானோ என்னவோ!